தக்காளி வந்த வழியும் நாட்டு விதையும்

திருமலைத் திருக்கோயிலின் கல்வெட்டுகளைத் திருப்பதி தேவஸ்தானத்தார் 1930களில் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டனர். அவற்றுட் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை என்பது நம் சங்கத்து அன்பர் பலரும் அறிந்து மகிழும் செய்தியாகும். சாமவை என்னும் பல்லவர் குலத்து அரசி 966ஆம் ஆண்டில் வெள்ளித் திருமேனி செய்தளித்தது முதல், விசயநகர வேந்தர் வழங்கிய கொடைகள் வரை அவற்றிற் காணலாம். மொழிப் பெருமைக்காக அவற்றைப் புரட்டுவோர் உளர். அரசர் வரலாற்றுக்காகப் புரட்டுவோரும் உளர். சமையற்கட்டின் வரலாற்றை அறிய விரும்புவார்க்கும் அவை கருவூலம் என்பதை எடுத்துரைப்போர் மட்டும் சிலரே.

ஒவ்வொரு கட்டளையிலும் நாளொன்றுக்கு அரிசி இவ்வளவு, பயறு இவ்வளவு, நெய்யமுது இவ்வளவு, தயிரமுது இவ்வளவு என்று அளவு குறிக்கப்பட்டிருக்கும். உப்பு, மிளகு, கறியமுது, சருக்கரை, பாக்கு, வெற்றிலை ஆகியனவும் வரிசையாக வரும். எம்மைப் போன்ற எழுத்தர் எழுதும் சரக்குப் பட்டியலைக் காட்டிலும் அது திருத்தமானது. அந்தப் பட்டியலில் மிளகாய் இல்லை, தக்காளியும் இல்லை. இருக்கவும் இயலாது. கிருஷ்ணதேவராயர் ஏழாம் முறையாகத் திருமலைக்கு வந்து வழிபட்டது 1521ஆம் ஆண்டில். அதே 1521ஆம் ஆண்டிலேதான் கடல் கடந்த மெக்சிகோ நாட்டுத் தலைநகரம் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது. தக்காளி அப்பொழுது அந்நாட்டுச் சந்தையிலே விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. நம் மக்களுக்கோ அப்படியொரு பழம் உண்டென்பதே தெரியாது.

பழைய முறை வழுவாத கோயில் மடைப்பள்ளிகளில் இன்றளவும் காரத்துக்கு மிளகும் புளிப்புக்குப் புளியுமே புழங்குகின்றன. நம் இல்லங்களில் திவசத்தன்று மிளகாய், தக்காளி, முட்டைகோசு ஆகியவற்றை அடுப்பங்கரையில் அனுமதிப்பதில்லை. பிதிரர்க்கு ஆகாது என்று பாட்டிமார் கூறுவர். பிதிரர் காலத்தில் இப்பொருள்கள் இந்நாட்டில் இல்லை என்பதே அதன் உட்கிடை. வரலாற்று நூல் எழுதாத குறையை நம் பெண்மக்கள் தங்கள் விலக்குகளால் நிறைவு செய்துவிட்டனர் என்று நான் கருதுவதுண்டு.

தக்காளியின் தாய்நாடு தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரத்து ஆண்டிஸ் மலைப்பகுதியாகும். பெரு, ஈக்குவடார் நாடுகளில் இன்றும் காட்டுத் தக்காளி தானே முளைத்துக் கிடக்கின்றது. அதன் பழம் சுண்டைக்காய் அளவினும் சிறியது. அதனை வளர்த்துப் பெரிதாக்கிப் பயிராக்கிய பெருமை மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரைச் சாரும்.

பெயர் வந்த வரலாறு சுவையானது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். மெக்சிகோ மக்களின் நவாட்டில் மொழியில் ‘தொமாட்டில்’ என்பது முதற்கண் இப்பழத்தின் பெயரன்று. மெல்லிய உறைக்குள் பழம் தொங்கும் வேறொரு செடிக்கே அப்பெயர் வழங்கியது. நாம் உண்ணும் தக்காளியை அவர்கள் ‘ஷிதொமாட்டில்’ என்று அடைமொழி சேர்த்து அழைத்தனர். ஸ்பானியர் அடைமொழியை விட்டொழித்து, இரண்டையும் ‘தொமாத்தே’ என்றாக்கினர்.

இனி நம் தமிழைப் பாருங்கள். வயல் வரப்பிலும் கொல்லையோரத்திலும் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளியை அறியாதார் யார்? உறையோடு கூடிய காயைப் பறித்து நெற்றியில் அடித்துச் சொடக்கென்று ஒலியெழுப்பி நாமெல்லாம் விளையாடியிருக்கின்றோம். அஃது அமெரிக்கத் ‘தொமாட்டில்’ செடியின் நெருங்கிய உறவு; ஒரே இனம். மணத்தக்காளியோ சித்த மருத்துவத்தில் வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் சொல்லப்படுவது. ஆகத் தக்காளி என்னும் சொல் நம்மிடம் முன்பே இருந்தது. புதிய பழம் வந்தபொழுது அதற்குச் சீமைத்தக்காளி என்று பெயரிட்டனர். நாளடைவில் சீமை உதிர்ந்துபோயிற்று. ஒருவரையொருவர் கண்டிராத இரு நாட்டு மக்கள், ஒரே இனத்துச் சிறு செடியைக் கண்ணுற்று, ஒரே பழத்துக்கு அதன் பெயரையே அடையோடு சூட்டினர்; பின்பு அடை இரண்டிடத்தும் உதிர்ந்தது. இவ்வொற்றுமையைக் கண்டபொழுது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை.

ஏனைய மொழியினர் வேறு வழி சென்றனர். வங்காளியர் ‘பிலாத்தி பேகுன்’ என்றனர். சீமைக் கத்தரி என்பது பொருள். ஆந்திரக் கடற்கரைப் பகுதியினர் ‘ராமமுலக’ என்றனர். சித்தூர்ச் சீமையில் மட்டும் தெலுங்கு பேசுவோரும் தக்காளி என்றே வழங்கக் கேட்கின்றோம். விசயவாடாவிலிருந்து மாற்றலாகி வரும் அன்பர்கள் முதல் வாரம் சந்தையில் திகைத்து நிற்பதற்கு இஃதொரு காரணம். இரு மொழியும் ஒரு கொடியிற் பின்னிய நிலப்பகுதி இது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி முதலிய வட்டங்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது அது ஆந்திரத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளியும் அவ்வாண்டே சித்தூரினின்று பிரிந்தது. இத்தனை எல்லைக் கோடுகள் மாறியும் தக்காளி என்ற சொல் எல்லை மாறாமல் இரு மொழியிலும் நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் அதன் நிலை என்ன என்று சுருக்கமாகக் காண்போம். இத்தாலிய மருத்துவர் மத்தியோலி என்பார் 1544இல் இதனைப் பற்றி எழுதினார். பொன்னிறப் பழம் என்று இத்தாலியர் அழைத்ததிலிருந்து முதலில் அவர்கள் கண்டது மஞ்சள் வகை என்று கொள்வர். ஊமத்தைக்கும் கத்தரிக்கும் உறவான செடியாதலால் நஞ்சென்று அஞ்சி நெடுங்காலம் அழகுக்காக மட்டும் வளர்த்தோர் அங்குப் பலர். 1753இல் லின்னேயஸ் இதனைக் கத்தரி இனத்தில் வைத்தார். 1768இல் மில்லர் என்பார் தனி இனமாகப் பிரித்தார். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் மரபணுவை ஆராய்ந்து மீண்டும் கத்தரி இனத்திலேயே சேர்த்துவிட்டனர். சீமைக் கத்தரி என்று பெயரிட்ட வங்காளத்து மக்கள் எவ்வளவு கூர்மையுடையவர்!

அமெரிக்க நாட்டில் இப்பழத்தைப் பற்றி நடந்த வழக்கொன்றை எம் போன்ற சரக்கு அலுவலக எழுத்தர் மறக்கலாகாது. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து வீதம் சுங்க வரி, பழத்துக்கு வரியில்லை. நிக்ஸ் என்னும் வணிகர் தக்காளி பழமேயாதலால் தாம் செலுத்திய வரியைத் திருப்பித் தரவேண்டும் என்று வழக்காடினார். 1893 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தாவர நூல்படி பழமாயினும், மக்கள் உணவோடு சமைத்துண்பதன்றி இறுதியில் இனிப்பாக உண்பதில்லையாதலால், வரிக்குக் காய்கறியே என்பது முடிவு. ஒரு பொருள் எந்த வகுப்பில் அடங்கும், எந்தக் கட்டணம் விதிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட எந்த எழுத்தரும் அந்நீதிபதிகளை வணங்குவார்.

இந்தியாவுக்கு இதனைக் கொணர்ந்தோர் போர்த்துகீசியர். எனினும் மிளகாய் பரவிய வேகத்தில் தக்காளி பரவவில்லை. மிளகாய் உலர்ந்தாலும் மூட்டையிற் கிடக்கும். தக்காளியோ மூன்றாம் நாள் அழுகும். மேலும் நமக்குப் புளி இருந்தது; மாங்காய், எலுமிச்சை, தயிர் இருந்தன. புளிப்புக்குப் பஞ்சமில்லாத நாட்டில் புதிய புளிப்பை யார் நாடுவர்? ஜார்ஜ் வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளியற் தாவர அகராதியில், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுவதாகவும், வங்காளியரும் பர்மியரும் புளிக்கறிகளிற் சேர்ப்பதாகவும் குறித்துள்ளார். இன்று தக்காளியின்றி ரசமில்லை, சட்னியில்லை, பப்பு இல்லை. இத்தனையும் மூன்று நான்கு தலைமுறையில் நேர்ந்த மாற்றமே.

அந்த வாட் எழுதிய நாட்களில்தான் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை போடப்பட்டது. பாகாலாவினின்று ஒரு கிளை திருப்பதிக்கு வந்தது. பின்னாளில் அவை அகலப் பாதையாயின. மதனப்பள்ளி ரோடு என்னும் நிலையத்தை அறிவீர்கள். பெயரிலேயே ‘ரோடு’ ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம், நிலையம் ஊரைவிட்டுச் சில கல் தள்ளியிருப்பதேயாம். தாகூர் 1919இல் மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கித் தம் ‘ஜனகணமன’ பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்தச் சிறப்புடைய ஊருக்கு இரண்டாம் சிறப்பு தக்காளிச் சந்தை. நாட்டின் மிகப்பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று அது.

மதனப்பள்ளிக்கு இவ்வாழ்வு எவ்வாறு வந்தது? தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். இரவில் 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருப்பின் நன்று. பகலில் 35 பாகைக்கு மேற்போனால் பூவிலுள்ள மகரந்தம் பட்டுப்போகும், பூ உதிரும். திருப்பதியில் சித்திரை வைகாசியில் 42 பாகை வெயில் காய்வது நமக்குப் பழக்கம். மதனப்பள்ளியோ கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கும் மேற்பட்ட மேட்டு நிலம். ஆகவே சமவெளியெங்கும் செடி காய்ப்பை நிறுத்திய கோடையில் மதனப்பள்ளி, பலமநேர், புங்கனூர்ப் பக்கம் காய்க்கும். சென்னைக் கோயம்பேடும் வடநாட்டு நகரங்களும் அந்நாளில் அங்கிருந்தே வாங்கும். லாரிகளே பெரும்பாலும் சுமக்கின்றன. 2020 செப்டம்பரில் அனந்தபுரத்திலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட கிசான் ரயிலில் வாழை, சாத்துக்குடி, மாம்பழத்தோடு தக்காளியும் சென்றதைக் கண்டு, நம் இரயில்வேக்கும் அதிற் பங்கு வந்ததே என்று மகிழ்ந்தோரில் நானும் ஒருவன்.

விலையின் கதை கொடிது. 2023 ஜூலையில் மதனப்பள்ளிச் சந்தையிலேயே கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பெட்டிக்குக் காவல் போட்டனர். வேறு சில ஆண்டுகளில் பறிகூலிக்கும் கட்டாமல் உழவர் சாலையோரம் கொட்டிச் செல்வதையும் இதே சீமையிற் கண்டிருக்கின்றோம். இன்று விலை இருக்கும் என்று நம்பி எல்லோரும் நடுகின்றனர்; எண்பது தொண்ணூறு நாளில் எல்லோரும் பறிக்கின்றனர். சேமித்து வைக்க இயலாத பொருள். வேறென்ன நேரும்?

அழுகாமல் தூரதேசம் செல்லவேண்டும் என்ற இத்தேவையே பழத்தின் உருவை மாற்றிற்று. இங்கேதான் நாட்டு விதையின் கதை தொடங்குகின்றது.

நாட்டுத் தக்காளி என்று நாம் அன்போடு கூறுவதும் வெளிநாட்டிலிருந்து வந்த ஆதி வகைகளின் வழித்தோன்றலே. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு ஊரிலும் உழவரும் பெண்டிரும் நல்ல பழத்தைப் பொறுக்கி விதை எடுத்து வந்தமையால் அவ்வவ்வூர் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அது பழகிக்கொண்டது. தட்டையான உரு, பக்கங்களிற் பள்ளம், மெல்லிய தோல், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், நிறைந்த சாறு, தூக்கலான புளிப்பு இவை அதன் அடையாளம்.

ஆராய்ச்சி நிலையங்கள் இத்தகைய வகைகளிலிருந்தே வேலையைத் தொடங்கின. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்னும் ஊர்த் தக்காளியைச் செயற்கை முறையில் மரபு மாற்றம் உண்டாக்கிப் பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்தார் பி.கே.எம். 1 என்ற வகையை வெளியிட்டனர். தில்லியில் பூசா ரூபி பிறந்தது. அதன் பெற்றோரில் ஒன்று சியூ என்னும் அமெரிக்க வகை, மற்றொன்று மீரட்டின் பெயர் தாங்கிய நம்மூர் வகை. பூசா என்பது பீகாரிலுள்ள ஊர். 1934ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அங்கிருந்த ஆராய்ச்சி நிலையம் சிதைந்தமையால் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊர் மாறியும் பெயரை விடவில்லை. குடிபெயர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் 1967இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார், டிப் டாப் என்ற அமெரிக்க வகையிலிருந்து தேர்ந்து அர்கா விகாஸ் என்பதை உருவாக்கினர். இவையெல்லாம் விதை எடுத்து மீண்டும் விதைத்தால் தாயைப் போலவே பிறப்பவை.

1973இல் பெங்களூரிலுள்ள இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் என்னும் நிறுவனம் ‘கர்நாடகா’ என்ற கலப்பின வகையைக் கொணர்ந்தது. 1988இல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை வந்தபின் கலப்பின விதை பெருகிற்று. இன்று மதனப்பள்ளி வயல்களில் சாகோ முதலிய கலப்பினங்களே எங்கும். கலப்பினம் என்பது வேறுபட்ட இரு பெற்றோரைக் கையால் மகரந்தம் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறை. அதன் பழத்தினின்று விதை எடுத்து நட்டால் பேரப்பிள்ளைகள் ஒன்று பாட்டனைப் போலவும் ஒன்று பாட்டியைப் போலவும் பல உருவிற் பிறக்கும். ஆதலின் உழவர் ஆண்டுதோறும் கடைக்குச் செல்லவேண்டும்.

கலப்பினத்தை நான் பழிக்கவில்லை. வெள்ளை ஈ கொணரும் இலைச்சுருட்டை நோய், ஒரே நாளில் செடியைச் சாய்க்கும் வாடல் நோய் ஆகியவற்றால் குடும்பமே கடனாளியாகும் உழவருக்கு எதிர்ப்புத் திறன் பெரிதோ, ரசத்தின் மணம் பெரிதோ? ஹெசரகட்டா நிலையத்தார் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்னும் கலப்பினம் மூன்று நோய்களைத் தாங்கவல்லது. அரசு நிலையத்திலிருந்து வந்த அதனை வரவேற்கத்தான் வேண்டும். 2014இல் மகாராட்டிரத்தில் ஊசிப்புழு என்னும் புதிய பகை காணப்பட்டு, விரைவிலேயே தெற்கும் பரவிற்று. அதன் தாயகமும் தென்னமெரிக்காவே. தக்காளி வந்து சில நூற்றாண்டு கழித்து அதன் பங்காளியும் முகவரி தேடி வந்து சேர்ந்தான்.

ஆயினும் வணிகத்துக்கான தேர்வு எதனை இழக்கச் செய்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. காம்பருகே பச்சை தங்கும் பழத்தை வாங்குவோர் விரும்பாமையால், சீராகச் சிவக்கும் வகைகளையே பல்லாண்டு காலம் தெரிந்தெடுத்தனர். 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பச்சைத் தோளை உண்டாக்கும் மரபணுவே காயில் பச்சையத்தைப் பெருக்கிச் சர்க்கரையை ஓரளவு கூட்டுகின்றது என்றும், சீரான சிவப்பைத் தெரிந்தெடுத்தபொழுது அம்மரபணு செயலிழந்த வகையே பரவிற்று என்றும் கண்டனர். தோல் தடித்ததும் சுவை குன்றியதும் நம் நாவின் கற்பனையன்று. ‘அந்தக் காலத்துத் தக்காளி’ என்று முதியோர் கூறினால் இளைஞர் நகைப்பது வழக்கம். இம்முறை முதியோரே வென்றனர்.

நம் குடியிருப்பில் எனக்கு வாய்த்த கொல்லை பத்தடிக்குப் பன்னிரண்டடி. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. இரண்டு பருவமாக அதில் நான்கு வகைகளை அடுத்தடுத்த பாத்தியில் வளர்த்து ஒத்துப் பார்த்து வருகின்றேன். ஒன்று, பாகாலாப் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வரும் மூதாட்டி ஒருவர் கொடுத்த நாட்டுப் பழத்தின் விதை. இரண்டாவது பி.கே.எம். 1. மூன்றாவது அர்கா விகாஸ். நான்காவது கடையில் வாங்கிய கலப்பினம். புரட்டாசியில் நாற்று விட்டு, இருபத்தைந்தாம் நாள் பிடுங்கி நட்டேன். ஒரே எரு, ஒரே கழுநீர், ஒரே கழி. அலுவலகப் பேரேடு போல ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்தேன்.

கண்டவற்றைக் கூறுவேன். எண்ணிக்கையிலும் எடையிலும் கலப்பினமே முதல். பறித்த பழம் அடுக்களைக் கூடையில் பத்து நாளுக்குமேல் கட்டுக் குலையாமல் இருந்தது. நாட்டுப் பழம் மூன்றாம் நாளே நெகிழ்ந்தது. நான்காம் நாள் வெடித்தது. பி.கே.எம். இரண்டுக்கும் இடைப்பட்டது, பச்சைத் தோளும் புளிப்பும் உடையது. தொலைவழிக்கும் ஏற்ற உறுதி அதற்கு உண்டு என்று நிலையத்தார் கூறுவது மெய்யே. அர்கா விகாஸ் பழம் பெரிது. வெறும் வாயில் தின்னச் சிறுவர்கள் அதனையே எடுத்தனர். கார்த்திகை மழையில் நாட்டுச் செடியில் இலைப்புள்ளி அதிகம் கண்டது. தையிற் பனி இறங்கியபின் அதுவே மீண்டும் தளிர்த்து, மற்றவை ஓய்ந்த பின்னும் மாசி கடைசி வரை சிறுசிறு காயாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சந்தைக்கு ஒரே நாளில் வண்டி நிறையவேண்டும். வீட்டுக்கு நாளும் நாலு பழம் போதும். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது எது என்பதற்கு அந்த நோட்டே விடை கூறிற்று.

சுவையை முடிவு செய்யும் உரிமை எனக்கில்லை. அஃது என் துணைவியாரைச் சார்ந்தது. நான்கையும் தனித்தனியே ரசம் வைத்தார். நாட்டுப் பழத்து ரசத்துக்குப் பாதிப் புளி போதும் என்றார். கலப்பினம் துண்டு துண்டாக நின்றமையால் குருமாவுக்கு நன்று என்றும் ஒப்பினார். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மையாருக்கு ஒரு கிண்ணம் நாட்டுப் பழம் அனுப்பினோம். மறுநாள் காலை அவரே பச்சடியோடு வந்தார். “அன்னய்யா, எங்க அம்மா காலத்துத் தக்காளி இது. பப்புல போட்டா கரைஞ்சே போச்சு. எங்கே கிடைச்சுது?” என்று தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டார். கூடைக்காரப் பாட்டியின் அடையாளத்தைச் சொன்னேன். அப்பாட்டியோ அடுத்த பருவத்துக்கு அவ்விதை தம்மிடமும் இல்லை என்றார். மகன் முழுவதும் கலப்பினம் நட்டுவிட்டாராம். ஒரு வகை மறைவது இவ்வளவு ஓசையின்றியே நிகழ்கின்றது. பஞ்சமோ வெள்ளமோ வேண்டுவதில்லை. ஒரு பருவம் ஒருவர் விதை எடுக்காமல் விட்டாலே போதும்.

பிற நாட்டினர் இதனை முன்பே உணர்ந்தனர். அமெரிக்காவில் டயான் ஆட் வீலி என்னும் அம்மையாரிடம் அவருடைய பாட்டனார் இரண்டு விதைகளை ஒப்படைத்தார். ஒன்று பூங்கொடி, மற்றொன்று இளஞ்சிவப்புத் தக்காளி. பாட்டனாரின் பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தபொழுது உடன் கொணர்ந்தவை அவை. அம்மையாரும் கணவரும் 1975இல் விதை காப்போர் சங்கம் ஒன்று தொடங்கினர். இன்று அஃது அயோவா மாநிலத்தில் ஆயிரக்கணக்கான வகைகளைக் காத்து வருகின்றது. கப்பலேறிய ஏழைக் குடும்பம் பொன்னைக் கொண்டுவரவில்லை, விதையைக் கொண்டுவந்தது. காட்பாடியிலும் ஆரணியிலும் விழுப்புரத்திலும் இருந்து பெட்டி படுக்கையோடு இங்கு வந்த நாம் என்ன கொணர்ந்தோம் என்று எண்ணிப் பார்க்கின்றேன். முருங்கைக் கொம்பு கொணர்ந்தோர் நம்மில் உளர். கருவேப்பிலைக் கன்று கொணர்ந்தோர் உளர். தக்காளி விதையை யாரும் முடிந்துவந்ததாகத் தெரியவில்லை.

அதே நாட்டில் கடன் தீர்த்த தக்காளி என்றும் ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் மோட்டார் பழுது பார்க்கும் பைல்ஸ் என்பார், பெரும்பழம் காய்க்கும் சில வகைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பல்லாண்டு பொறுக்கி ஒரு வகை கண்டார். நாற்று ஒன்று ஒரு டாலர் வீதம் விற்று, ஆறாயிரம் டாலர் வீட்டுக் கடனை ஆறாண்டில் அடைத்தார் என்று கூறுவர். படித்துப் பட்டம் பெற்றவரல்லர் அவர். வீட்டுக் கடன் தவணை செலுத்தும் நம் அன்பர்கள் இச்செய்தியைப் பெருமூச்சோடு படிப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் துணை நிற்கின்றது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தாம் விளைத்ததினின்று விதை எடுக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், வணிகப் பெயரிட்ட பொட்டலமாக அல்லாமல் விற்கவும் உழவருக்கு உரிமை வழங்குகின்றது. உரிமையைப் பயன்படுத்தப் பெரிய நிலம் வேண்டுவதில்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதாகும். ஆதலின் கத்தரி, பூசணி போல எளிதில் அடுத்த வகையோடு கலந்து கெடுவதில்லை. இரண்டு வகைகளுக்கிடையே சில அடி தூரம் விட்டால் வீட்டளவுக்குப் போதுமானது.

விதை எடுக்கும் முறை வருமாறு. நோயற்ற செடியில், இரண்டாம் மூன்றாம் கொத்தில், நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்துச் செடியிலேயே ஒரு நூலைக் கட்டி அடையாளம் இடுக. அப்பழத்தை அடுக்களைக்கு விடலாகாது. அதற்குத் துணைவியாரின் உடன்பாடு முன்கூட்டியே வேண்டும். கனிந்து நெகிழ்ந்தபின் குறுக்கே அறுத்து, விதையைச் சாற்றோடு ஒரு மண் சட்டியில் பிழிந்து வைக்கவும். விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ் ஒன்று உண்டு. அது முளைப்பைத் தடுப்பது. ஒரு நாள், அல்லது குளிர் நாளாயின் இரண்டு நாள் புளிக்கவிட்டால் அக்கூழ் கரையும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் விட்டால் விதை சட்டியிலேயே முளைத்துவிடும். பின்பு நீர் ஊற்றிக் கலக்கினால் பதர் மிதக்கும். நல்ல விதை அடியிற் படியும். நாலைந்து முறை கழுவி, துணியில் அல்லது தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துக. காகிதத்திற் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் உலர்ந்தபின் சிறிது சாம்பல் பிசறி, கண்ணாடிப் புட்டியில் இட்டு, வகையின் பெயரும் எடுத்த மாதமும் எழுதி ஒட்டிவைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத் திறன் குன்றாது.

இவ்வாறு எடுத்த நாட்டு விதையும், பி.கே.எம். 1, அர்கா விகாஸ் விதைகளும் சிறு பொட்டலங்களாக ஆண்டு விழா நாளன்று சங்கத் தாழ்வாரத்தில் நூலக மேசைமீது வைக்கப்பெறும். ஒரு குடும்பத்துக்கு வகைக்கு ஒரு பொட்டலம், விலையில்லை. எடுப்போர் பெயரும் குடியிருப்பு எண்ணும் அங்குள்ள நோட்டில் எழுதிச் செல்க. அடுத்த விழாவுக்கு முன் ஒரு தேக்கரண்டி விதையைத் திருப்பித் தருதல் வேண்டும். நாற்று விட ஏற்ற காலம் புரட்டாசி முதல் வாரம்.